சில்லும் பேரிங்கும்: கிட் மெஷின் பொருத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சின்ன சி.என்.சி. ரவுட்டர் (கணினி சொல்லும் வழியில் மரம் வெட்டும் மெஷின்), லேசர் செதுக்கி, 3டி பிரிண்டர் என்று நாமே பொருத்தி எடுக்கும் கிட்டுகள் இப்போது யாழ்ப்பாணத்தில் வீட்டு விறாந்தைகளுக்கும் தச்சுப் பட்டறைகளுக்கும் வந்துவிட்டன. கதவுப் பலகையில் பூ வெட்டவும் பெயர்ப்பலகை செய்யவும் கோயில் வாகன வேலைக்கு மாதிரி எடுக்கவும் பலர் வாங்குகிறார்கள். வயரிங்கையும் மென்பொருளையும் பற்றி எல்லோரும் கதைக்கிறார்கள். ஆனால் வெட்டு அலைவதற்கும் கோடு வளைவதற்கும் காரணம் பெரும்பாலும் சில்லுகளில்தான் இருக்கிறது. அலுமினியச் சட்டத்தின் வி வடிவத் தவாளிப்பில் ஓடும் பிளாஸ்ரிக் சில்லுகளைப் பற்றித்தான் இந்தக் கேள்வி பதில்கள்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

எண்ணுங்கள். ஒரு சில்லுக்கு வேண்டியவை: சில்லு ஒன்று, பேரிங் இரண்டு, இரண்டு பேரிங்குக்கும் நடுவில் வைக்கும் 1 மி.மீ. ஷிம் ஒன்று, வெளிப்பக்கத்துக்கு இன்னொரு ஷிம், சில்லைத் தகட்டிலிருந்து விலக்கி நிறுத்தும் ஸ்பேசர், எம்5 போல்ட், உள்ளே நைலோன் வளையம் வைத்த நட். நான்கு சில்லோடு சட்டத்தின் மேல் ஓடும் தகட்டைத்தான் வண்டி என்கிறோம். அப்படி ஒரு வண்டித் தகட்டுக்கு எட்டுப் பேரிங், எட்டு ஷிம், நான்கு போல்ட், நான்கு நட் வரும். ஸ்பேசர்களில் இரண்டு சாதாரணமானவை, இரண்டு எக்சென்ட்ரிக், அதாவது துளை நடுவில் இல்லாமல் கொஞ்சம் ஒதுங்கி இருப்பவை.

அதிகம் தொலைவது ஷிம். சின்ன மெல்லிய இரும்பு வளையம் அது. பொலித்தீன் பையின் மடிப்பில் ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போய்விடும். ஒரு எவர்சில்வர் தட்டில் எல்லாவற்றையும் கொட்டி, பைகளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்த பிறகு எறியுங்கள். சில கிட்டுகளில் இரண்டு வகை ஸ்பேசரும் ஒரே பையில் கலந்து வரும். தொடங்குமுன் பிரித்து வையுங்கள்.

பேரிங்கில் 625 என்று இருக்கிறது. அது என்ன கணக்கு?

முதல் இரண்டு இலக்கங்கள் பேரிங்கின் வகையையும் வரிசையையும் குறிக்கின்றன. இந்தச் சின்ன வகைகளில் கடைசி இலக்கம் உள்துளையின் அளவு, மில்லிமீற்றரில். 625 என்றால் உள்துளை 5, வெளிவிட்டம் 16, அகலம் 5 மி.மீ. அதேபோல 608 என்பது 8, 22, 7.

எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்றிருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி. இசட்இசட் என்றிருந்தால் இரண்டு பக்கமும் தகர மூடி. தகர மூடி கொஞ்சம் இலகுவாகச் சுத்தும், ஆனால் உள்வளையத்துக்கும் மூடிக்கும் இடையில் மெல்லிய நீக்கல் இருப்பதால் தூசி நுழையும். மரம் வெட்டும் மெஷினுக்கும் எங்கள் ஊர் மணலுக்கும் 2ஆர்எஸ்தான் சரி. வேகம் குறைந்த இந்த வேலையில் ரப்பர் மூடியின் சின்ன இழுவை ஒரு குறையே இல்லை.

இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஷிம் கட்டாயமா? வைக்காமலும் பொருந்துகிறதே.

பொருந்தும். நட்டை இறுக்கும்வரை ஒன்றும் தெரியாது. இறுக்கியதும் சில்லு நின்றுவிடும், அல்லது அரைத்து அரைத்துச் சுத்தும். வந்து சேரும் முறைப்பாடுகளில் பாதிக்கு விடை இங்கே இருப்பதால் இதை மட்டும் ஆறுதலாக வாசியுங்கள்.

பேரிங்குக்கு இரண்டு வளையங்கள். வெளிவளையம் சில்லின் பிளாஸ்ரிக்கைப் பிடித்துக்கொண்டு சில்லோடு சேர்ந்து சுத்துகிறது. உள்வளையம் போல்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறது. இரண்டுக்கும் இடையில் குண்டுகள். இனிச் சில்லின் துளைக்குள் பாருங்கள். நடுவில் ஒரு சின்ன விளிம்பு சுற்றிவர நிற்கும். இரண்டு பக்கத்தாலும் வரும் பேரிங்குகளின் வெளிவளையங்கள் அந்த விளிம்பில் முட்டி நிற்கின்றன. விளிம்பின் தடிப்பு ஏறத்தாழ 1 மி.மீ. ஆக, வெளிவளையங்கள் இரண்டுக்கும் இடையே அந்த 1 மி.மீ. நிரம்பியிருக்கிறது. உள்வளையங்களுக்கு இடையேயோ வெறும் நீக்கல்.

இந்த நிலையில் நட்டை இறுக்கினால் என்ன நடக்கும்? போல்டின் தலை ஒரு பக்கத்து உள்வளையத்தைத் தள்ளும், ஸ்பேசர் மறுபக்கத்து உள்வளையத்தைத் தள்ளும். நடுவில் தாங்க ஒன்றும் இல்லாததால் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று நகரப் பார்க்கும். வெளிவளையங்கள் விளிம்பில் நிற்பதால் நகராது. இழுபறி முழுவதும் குண்டுகளின் மேல் பக்கவாட்டில் விழும். இந்தப் பேரிங் மேலிருந்து கீழாக வரும் பாரத்தைத் தாங்கச் செய்யப்பட்டது. பக்கவாட்டில் ஓரளவுதான் தாங்கும். ஒரு எம்5 நட்டைக் கையால் இறுக்கும்போது வரும் விசை அதற்கு மிக அதிகம். குண்டு ஓடும் பாதையில் நுண்ணிய குழி விழுந்துவிட்டால் பிறகு ஷிம் வைத்தாலும் அந்தப் பேரிங் மென்மையாக ஓடாது.

1 மி.மீ. ஷிம்மை நடுவில் வைத்தால் தலை, உள்வளையம், ஷிம், உள்வளையம், ஸ்பேசர், தகடு, நட் எல்லாம் ஒரே இரும்புத் தூணாகிவிடும். எவ்வளவு இறுக்கினாலும் விசை அந்தத் தூண் வழியே போய்விடும், குண்டுகளைத் தொடாது. சில்லு தன்பாட்டில் சுத்தும். இந்தப் பக்கத்தில் உள்ள மற்றப் பதில்களில் அநேகமானவை இதிலிருந்து வருபவைதான்.

சைக்கிள் சில்லுக்குக் கோன் இறுக்கிப் பழக்கம். அதுபோல நட்டைக் கொஞ்சம் தளர்த்தி விட்டால் போதாதா?

இந்தக் கேள்வி எங்கள் ஊரில் வருவது இயல்பு. பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுத்தி வானொலி கேட்ட ஊர் இது. கோனை முழுக்க இறுக்கி, ஒரு கால் சுத்து பின்னால் எடுத்து, ஆட்டம் போய்ச் சில்லும் இலகுவாகச் சுத்தும் இடத்தில் பூட்டு நட்டைப் பிடிப்பது இங்கே பலருக்குக் கைவந்த வேலை.

ஆனால் சைக்கிளில் கோனே பேரிங்கின் ஒரு பாதி. அதை நகர்த்தினால் குண்டுக்கான இடைவெளி மாறும், அதனால்தான் அங்கே அந்த முறை சரி. 625 பேரிங்கின் இடைவெளியைத் தொழிற்சாலையிலேயே அமைத்துவிடுகிறார்கள். நட்டைத் தளர்த்தி அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. தளர்ந்த நட்டோடு ஓடவிட்டால் உள்வளையம் போல்டின் மேல் சறுக்கும், சில்லு சரியும், வெட்டும் கருவி மரத்தைத் தொடும்போது முழு வண்டியும் ஆடும். இங்கே நட் முழுதாக இறுகியிருக்க வேண்டும். இறுக்கியதும் சில்லு நின்றால் ஷிம்மைத் தேடுங்கள், நட்டைத் தளர்த்தாதீர்கள்.

ஷிம் குறைந்துவிட்டது. கடையில் வாங்கும் எம்5 வாஷரை வைக்கலாமா?

அவசரத்துக்கு வைக்கலாம், ஆனால் பார்த்து. ஷிம்மின் அளவு உள்துளை 5, வெளிவிட்டம் 10, தடிப்பு 1 மி.மீ. சாதாரண எம்5 வாஷரும் வெளிவிட்டம் 10, தடிப்பு 1 என்றுதான் சொல்லப்படும், துளை மட்டும் 5.3. ஆனால் வாஷர் தகட்டிலிருந்து அச்சால் குத்தி எடுக்கப்படுவது. ஒன்று 0.9 இருக்கும், மற்றது 1.1 இருக்கும். ஒரு பக்க விளிம்பில் பிசிர் நிற்கும். 0.9 வாஷர் விளிம்பை விட மெல்லியதாகிவிட்டால் குண்டுகளின் மேல் மறுபடி பக்கவிசை விழும்.

ஒரு பிடி வாஷர் வாங்கி வேர்னியரால் அளந்து பாருங்கள். 1.0 இலிருந்து 1.05 வரை உள்ளவற்றைத் தனியே எடுங்கள். கண்ணாடித் துண்டின் மேல் மெல்லிய சாண்ட் பேப்பரை விரித்து, வாஷரை விரலால் அழுத்தி வட்டமாக உரைத்துப் பிசிரை எடுங்கள். ஒரு சில்லுக்குள் வாஷர், பக்கத்துச் சில்லுக்குள் ஷிம் என்று கலக்காமல் ஒரு தகட்டுக்கு ஒரே வகையாகப் போடுங்கள்.

15 அல்லது 20 மி.மீ. அகல வாஷர்களை எந்த இடத்திலும் வைக்காதீர்கள். அவை உள்வளையத்தைத் தாண்டி வெளிவளையத்தில் உரசும்.

பேரிங் சில்லுக்குள் போகுதில்லை. சுத்தியலால் தட்டலாமா?

வேண்டாம். தட்டினால் பேரிங் சரிந்து இறங்கி பிளாஸ்ரிக்கைச் சீவிவிடும். ஒருமுறை சீவிய துளை பிறகு பேரிங்கை இறுக்கிப் பிடிக்காது.

சில்லை மேசையில் வைத்து, பேரிங்கைத் துளையின் வாயில் மட்டமாக வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் வெளிவளையத்தின் எதிரெதிர்ப் பக்கங்களை அழுத்துங்கள். பாதி இறங்கியதும் ஒரு சின்ன இழுவை, பிறகு விளிம்பில் முட்டும்போது டிக் என்று ஒரு சத்தம். பேரிங்கின் முகம் சுற்றிவர ஒரே ஆழத்தில் இருக்கிறதா என்று நகத்தை ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் நகம் தடுக்கினால் அது முழுதாக இறங்கவில்லை. சில்லைத் திருப்பி, ஷிம்மை நடுவில் போட்டு, போல்டை ஊடாக விட்டு ஷிம்மை நேராக்கிய பிறகு இரண்டாவது பேரிங்கை வையுங்கள். போல்டை விடாமல் அழுத்தினால் ஷிம் ஒதுங்கிவிடும், பிறகு போல்ட் போகாது, எல்லாவற்றையும் கழற்ற வேண்டி வரும்.

விரலுக்கு அசையாவிட்டால் வைஸில் வைத்து, இரண்டு பக்கமும் சின்னப் பலகைத் துண்டு கொடுத்து மெல்ல நெரியுங்கள். அதற்கும் மறுத்தால் சூடான தண்ணீரில் சில்லை மட்டும் சில நிமிடம் போட்டு எடுங்கள். சில்லுகள் பெரும்பாலும் செய்யப்படும் டெல்ரின் பிளாஸ்ரிக் வெப்பத்துக்கு நன்றாக விரியும். 30 பாகையிலிருந்து 70 பாகைக்குப் போனால் 16 மி.மீ. துளை ஏறத்தாழ 0.07 மி.மீ. பெருக்கும். கேட்க அற்பம், ஆனால் பேரிங் நழுவி இறங்க அது போதும். டெல்ரின் உருகுவது ஏறத்தாழ 175 பாகையில் என்பதால் சுடுதண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. துடைத்து உலர்த்திய பிறகு பேரிங்கை வையுங்கள், அதற்குள் தண்ணீர் போகக்கூடாது.

மாறாக, பேரிங் கையை எடுத்ததும் விழுகிறது.

அந்தச் சில்லைத் தள்ளி வையுங்கள். சுப்பர் குளூ விட்டு ஒட்டும் பழக்கம் இருக்கிறது. பசை மூடியின் ஓரத்தால் உள்ளே போனால் பேரிங்கும் போச்சு. விற்றவரிடம் படம் எடுத்து அனுப்பி மாற்றுச் சில்லுக் கேளுங்கள்.

போல்டில் எதற்குப் பின் எது வர வேண்டும்?

போல்டின் தலை, சில்லு, ஷிம், ஸ்பேசர், தகடு, நட். இந்த வரிசைதான். சில்லு என்று சொல்வது இரண்டு பேரிங்கும் நடு ஷிம்மும் உள்ளே இருக்கும் முழுச் சில்லை. எக்சென்ட்ரிக் ஸ்பேசருக்கு ஒரு பக்கம் சின்னக் கழுத்து இருக்கும். அது தகட்டில் உள்ள பெரிய துளைக்குள் இறங்கி நிற்க வேண்டும். தகட்டில் இரண்டு துளை சிறியது, இரண்டு துளை பெரியது என்றிருப்பது இதற்காகத்தான். தகடு பிழைத்துப் போய்விட்டது என்று நினைத்துச் சின்னத் துளையைப் பெருப்பிக்காதீர்கள்.

போல்டின் நீளத்தைக் கூட்டிப் பாருங்கள். இரண்டு பேரிங்கும் நடு ஷிம்மும் 11, வெளி ஷிம் 1, ஸ்பேசர் 6, தகடு 3, நட் 5. மொத்தம் 26 மி.மீ. கிட்டோடு 25 மி.மீ. போல்ட் வந்திருந்தால், இறுக்கிய பிறகு அதன் நுனி நைலோன் வளையத்தைக் கடித்துப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். நுனி வளையத்தைத் தாண்டி ஒரு புரியாவது வெளியே தெரிவது நல்லது. தகடு 6 மி.மீ. என்றால் 30 மி.மீ. போல்ட் வேண்டும், ஆனால் மிஞ்சி நிற்கும் நுனி வேறெதிலும் முட்டாத இடமாக இருக்க வேண்டும்.

கருவிகள் பெரிதாக வேண்டாம். எம்5 நட்டுக்கு 8 மி.மீ. ஸ்பனர். உருளைத் தலைப் போல்டுக்கு 4 மி.மீ. அலன் கீ, தட்டைக் குமிழ்த் தலைக்கு 3 மி.மீ. எக்சென்ட்ரிக் ஸ்பேசரின் அறுகோணம் அநேக கிட்டுகளில் 10 மி.மீ., அளந்து பாருங்கள். அந்த இடைவெளிக்குள் தடித்த ஸ்பனர் நுழையாது. விலை குறைந்த 10 மி.மீ. ஸ்பனர் ஒன்றை வாங்கிக் கிரைண்டரில் இரண்டு முகத்தையும் தேய்த்து மெல்லியதாக்கி வைத்துக்கொண்டால் அதுவே உங்கள் கையில் அதிகம் இருக்கும் கருவியாகிவிடும்.

எக்சென்ட்ரிக் ஸ்பேசரை எந்தப் பக்கம், எவ்வளவு திருப்புவது?

முதலில் எந்தப் பக்கச் சில்லுக்கு எது என்று பார்ப்போம். படுக்கையாக ஓடும் சட்டத்தில் வண்டியின் பாரம் மேல் சில்லுகளில் தொங்கும். அங்கே சாதாரண ஸ்பேசர் போடுங்கள். அசையாத சில்லுகள் பாரத்தைத் தாங்கட்டும். கீழ்ச் சில்லுகளுக்கு எக்சென்ட்ரிக். சட்டத்தை அழுத்திப் பிடிப்பது மட்டும்தான் அவற்றின் வேலை.

எக்சென்ட்ரிக்கைத் திருப்பும்போது போல்டின் மையம் சுத்தி வருவதால் சில்லு சட்டத்தை நெருங்கும், பிறகு விலகும். இந்த நகர்வு மிகச் சின்னது. அது போதும். தொடக்கத்தில் இரண்டையும் சட்டத்திலிருந்து எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலக்கி வையுங்கள். வண்டியைச் சட்டத்தின் நுனியால் நழுவவிடுங்கள். நட்டை ஸ்பேசர் திரும்பும் அளவுக்கு மட்டும் பிடித்து வைத்து, ஒரு ஸ்பேசரைக் கொஞ்சம் திருப்புங்கள், மற்றதை அதே திசையில் அதே அளவு திருப்புங்கள். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் வண்டி சரிந்து நிற்கும்.

அளவை விரலில் பாருங்கள். ஒரு கையால் வண்டியை அசையாமல் பிடியுங்கள். மறு கையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒரு சில்லைப் பிடித்துச் சுத்துங்கள். ஒரு தடையும் இல்லாமல் சுத்தினால் சில்லு சட்டத்தைத் தொடவில்லை. சுத்தவே முடியாமல், வண்டியையும் இழுத்துக்கொண்டு போனால் மிஞ்சிய இறுக்கம். சட்டத்தில் மெல்ல உரசிக்கொண்டு, கொஞ்சம் விரல்பலம் கொடுத்தால் சறுக்கிச் சுத்த வேண்டும். நான்கு சில்லிலும் அந்த உணர்வு ஒரேமாதிரி வந்தால் நட்டுகளை முழுதாக இறுக்குங்கள். இறுக்கும்போது ஸ்பேசரும் கூடவே திரும்பப் பார்க்கும், அதை 10 ஸ்பனரால் பிடித்துக்கொள்ளுங்கள். இறுக்கிய பிறகு விரல் சோதனையை இன்னொருக்காச் செய்யுங்கள்.

கடைசியாக, தகட்டின் இரண்டு மூலைகளைப் பிடித்து எதிரெதிராக ஆட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று சத்தம் வந்தால் எங்கோ ஒரு சில்லு தூக்கிக்கொண்டு நிற்கிறது.

இறுக்கமாக இருந்தால் வெட்டு நேராக வரும்தானே? கொஞ்சம் கூட இறுக்கினால் என்ன?

மோட்டர் வீணாகப் பாரம் இழுக்கும், எண்ணி எண்ணிச் சுத்த வேண்டிய படிகளைத் தவறவிடும், வெட்டு இடம் மாறும். சில்லின் விளிம்பு தேய்ந்து கறுப்புப் பொடி உதிரும். இன்னொன்றும் உண்டு. நெரித்த நிலையில் பல வாரம் மெஷின் ஒரே இடத்தில் நின்றால் சில்லில் தட்டையான தழும்பு விழுந்துவிடும். பிறகு ஒவ்வொரு சுத்துக்கும் வண்டி ஒருமுறை துள்ளும். நீண்ட நாள் பாவிக்காமல் விடுவதென்றால் எக்சென்ட்ரிக்கைத் தளர்த்தி விடுங்கள்.

தகரக் கூரைப் பட்டறைக்காரருக்கு ஒரு சொல்: டெல்ரின் அலுமினியத்தை விடப் பல மடங்கு விரியும். விடிய வெள்ளெனக் குளிரில் சரியாக இறுக்கியது மத்தியான வெக்கைக்குக் கூடுதல் இறுக்கமாகிவிடும். நீங்கள் வேலை செய்யும் நேரத்துச் சூட்டிலேயே சரிசெய்யுங்கள்.

வண்டி ஒரு இடத்தில் மட்டும் இறுகுகிறது.

சட்டத்தின் மேல் பென்சிலால் அடையாளம் போட்டபடி வண்டியைக் கையால் மெல்லத் தள்ளுங்கள். இறுக்கம் 60 முதல் 75 மி.மீ. இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் பிழை சில்லில் இருக்கிறது. 24 மி.மீ. சில்லு ஒரு சுத்துச் சுத்தும் தூரம் கிட்டத்தட்ட அவ்வளவு. எப்போதும் ஒரே இடத்தில் என்றால் சட்டத்தில்: தவாளிப்பில் ஒட்டிய மரத்தூள், வெட்டு முனையின் பிசிர், அல்லது நான்கு மூலையும் சதுரமாகப் பூட்டாததால் முறுகிய சட்டம். முறுகலைப் பார்க்க முழுச் சட்டகத்தையும் மட்டமான மேசையில் வைத்து ஒரு மூலையை அழுத்துங்கள். எதிர் மூலை எழும்பினால் மூலைப் போல்டுகளைத் தளர்த்தி, மேசையோடு அழுத்திப் பிடித்து மறுபடி இறுக்குங்கள். சில்லைத் தொடுமுன் இதைச் செய்யுங்கள்.

சில்லுக்கும் சட்டத்துக்கும் கிறீஸ் பூசலாமா? தேங்காயெண்ணெய்?

ஒன்றும் வேண்டாம். டெல்ரின் உலர்ந்த நிலையில் அலுமினியத்தில் நன்றாக ஓடும். எண்ணெய் விட்டால் மரத்தூள் அதில் ஒட்டிப் பசையாகிச் சில்லைச் சுற்றிக் கட்டிபடும். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துவிடும். 2ஆர்எஸ் பேரிங்குக்குள் தேவையான கிறீஸ் ஏற்கெனவே அடைத்து வருகிறது. டபிள்யூடி-40 அடித்தால் அந்தக் கிறீஸைக் கரைத்து வெளியேற்றிவிடும். வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் சட்டத்தையும், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சில்லின் ஓரத்தையும் துடைத்தால் போதும்.

எங்கள் உப்புக் காற்றுக்கும் மணலுக்கும் இது தாங்குமா?

தாங்கும், கவனித்தால். குருநகர், நாவாந்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை என்று கடலோரம் வேலை செய்பவர்களுக்கு இரண்டு பருவம் சோதனை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் நுண்மணல் ஜன்னலால் வந்து தவாளிப்பில் படியும். மாரியில் ஈரம். அலுமினியச் சட்டம் மேற்பூச்சுப் பெற்றதென்றால் பயமில்லை. துருப்பிடிப்பது பேரிங் உருக்கும் போல்டும்தான்.

பேரிங்கின் வளையங்களை வியர்த்த விரலால் தடவாதீர்கள். விரல் அடையாளத்தில் துரு தொடங்குவதைக் கண்ணால் காணலாம். மிச்சப் பேரிங்குகளை மூடி இறுகிய போத்தலில், மருந்துப் போத்தலுக்குள் வரும் சிலிக்கா ஜெல் பையோடு போட்டு வையுங்கள். மெஷினை இரவில் துணியால் மூடாமல், தொங்கும் பொலித்தீனால் மூடுங்கள். துணி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கடற்கரைக்கு மிகக் கிட்ட என்றால் எண்ணுக்கு முன்னால் எஸ் என்று வரும் துருப்பிடிக்காத உருக்குப் பேரிங்கை வாங்குங்கள். விலை கூட, ஆனால் அங்கே அது வீண் செலவில்லை.

டெல்ரின், பொலிகாபனேட், நைலோன்: எது நல்லது?

டெல்ரின் டுபொன்ட் நிறுவனம் 1960 இல் சந்தைக்குக் கொண்டுவந்த பிளாஸ்ரிக்கின் பெயர். அதே இனத்துப் பிளாஸ்ரிக் வேறு பெயர்களிலும் வரும். கறுப்புச் சில்லுகளில் அநேகம் இதுதான். பொலிகாபனேட் சில்லு கண்ணாடி மாதிரி ஊடாகத் தெரியும், கடினம் கூட, பாரமான வண்டிக்கு நல்லது. ஆனால் நட்டு கழராமல் இருக்கப் பூசும் திரவப் பசை அதில் பட்டால் வெடிப்பு விழும். நைலோன் நட்டு போட்டிருக்கும்போது அந்தப் பசை தேவையும் இல்லை.

நைலோன் சில்லை இங்கே வாங்க வேண்டாம். நைலோன் 6 வகை தண்ணீரில் ஊறினால் தன் எடையில் ஏறத்தாழ 9 சதவீதம்வரை உறிஞ்சிப் பருக்கும், டெல்ரின் ஒரு சதவீதம் அளவில் நின்றுவிடும். மாரிக் காற்றில் நைலோன் சில்லின் அளவு மாறிக்கொண்டே இருக்கும்.

உதிரிப் பேரிங் யாழ்ப்பாணத்தில் கிடைக்குமா?

மோட்டச் சைக்கிள் உதிரிப்பாகக் கடைகளில் கேட்டால் 6201, 6202, 6301 என்று எடுத்துத் தருவார்கள். அவை 12, 15 மி.மீ. துளையுள்ளவை, உதவாது. கை டிரில், கிரைண்டர் திருத்தும் கடைகளில் கேளுங்கள். அந்த மெஷின்களுக்குள் 607, 608, 627 போன்ற சின்னப் பேரிங்குகள் இருப்பதால் அவர்களிடம் சின்ன வகைகளின் இருப்பு இருக்கும், 625 ஐயும் எடுப்பித்துத் தருவார்கள். பழையதைக் கையில் கொண்டு போங்கள். கொழும்புக்குப் போகும் ஆட்கள் இருந்தால் பஞ்சிகாவத்தையில் வாங்கச் சொல்லலாம்.

வாங்கும்போது கடையிலேயே உள்வளையத்தை விரலில் மாட்டி, வெளிவளையத்தை மெல்லச் சுத்திப் பாருங்கள். மணல் அரைக்கும் உணர்வு வந்தால் திருப்பிக் கொடுங்கள். ஒன்றிரண்டு கூட வாங்கி வையுங்கள்.

உயர்தரத் தொழினுட்பப் பிரிவுப் பிள்ளைகள் இதைச் செய்யலாமா?

கட்டாயம் செய்ய வேண்டும். 2013 இல் அறிமுகமான அந்தப் பிரிவில் பொறியியல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளைக்குப் பேரிங், தாங்கு விசை, இடைவெளி எல்லாம் பாடத்தில் வரும். படத்தில் பார்ப்பதை விரலில் உணர இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு சில்லை ஷிம் இல்லாமலும் இன்னொன்றை ஷிம்மோடும் பூட்டி, இரண்டையும் இறுக்கி, சுத்திப் பார்க்கக் கொடுங்கள். ஷிம் இல்லாததற்குப் பழைய பேரிங்கைப் பாவியுங்கள், அது கெட்டுப்போகும்.

இந்த வகை மெஷின்கள் வளர்ந்ததே திறந்த வடிவமைப்புகளால்தான் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் அட்ரியன் போயர் 2005 இல் தொடங்கிய ரெப்ராப் திட்டம் தன் வரைபடங்களை எல்லோருக்கும் திறந்து விட்டது. இன்று கையில் இருக்கும் கிட்டுகளில் பல அந்த வழியில் வந்தவை. வரைபடம் கிடைத்தால் தகட்டை இங்குள்ள லேத் பட்டறையிலேயே வெட்டிக்கொள்ளலாம்.

சில்லை எப்போது மாற்றுவது?

விளிம்பு கூர்மை இழந்து உருண்டால், தட்டைத் தழும்பு விழுந்தால், எக்சென்ட்ரிக்கைக் கடைசிவரை திருப்பியும் ஆட்டம் போகாவிட்டால் மாற்றுங்கள். பேரிங் மட்டும் அரைத்தால் பேரிங்கை மட்டும் மாற்றலாம். சில்லுக்குள்ளிருந்து எடுக்க ஷிம்மைப் போல்ட் நுனியால் ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபக்கத்துப் பேரிங்கின் உள்வளையத்தைத் தள்ளுங்கள். தள்ளி எடுத்த பேரிங்கை மறுபடி போடாதீர்கள், உள்வளையத்தில் தள்ளியதாலேயே குண்டுப் பாதை அடிபட்டிருக்கும்.

ஒரு சட்டத்தில் ஓடும் நான்கு சில்லில் ஒன்று தேய்ந்திருந்தால் நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். புதிய சில்லு பழையதை விடப் பருமன் என்பதால் முழு இறுக்கத்தையும் அது ஒன்றே வாங்கிக்கொள்ளும். மாற்றிய பிறகு எக்சென்ட்ரிக்கை முழுக்க விலக்கி, விரல் சோதனையை முதலிலிருந்து செய்யுங்கள். ஒரு வாரம் ஓடவிட்டு நட்டுகளை ஒருக்காத் தொட்டுப் பாருங்கள்.